யோசேப்பின் அங்கியை யார் தைத்தது?



வீடுகளுக்குப் போகும்போது தாய்மார் என்னிடம் சொல்லும் முறைப்பாடுகளைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று: “மிஸ், இவள் தம்பியக் கண்டாலே எரிஞ்சு விழுறாள். அவனுக்கு ஒரு பென்சில் வாங்கிக் குடுத்தாலும் பொறுக்கிறாள் இல்ல.” மற்றது: “எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தாலும் இந்தப் பிள்ளைக்கு நன்றி இல்ல மிஸ்.” சில வீடுகளில் இரண்டு முறைப்பாடும் ஒரே பிள்ளையின் தலையில்தான் விழும். முதலாவதற்கு அடி கிடைக்கிறது. இரண்டாவதற்கு நீண்ட புத்திமதி. அடியும் புத்திமதியும் பலன் தந்திருந்தால் அந்தத் தாய் என்னிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள்.

இந்த மாதம் பொறாமையையும் நன்றியையும் சேர்த்தே பேசலாம் என்று நினைக்கிறேன். அதற்குத் துணையாக நான் எடுத்துக்கொள்வது வேதாகமத்திலுள்ள யோசேப்பின் கதை. ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் தொடங்கி 50ஆம் அதிகாரம் வரை அது நீண்டு செல்கிறது. படுவான்கரைக் கிராமமொன்றில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சில வருடங்களாகச் சொல்லி வருகிறேன். அவர்களில் அரைவாசிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். நல்ல கதையொன்றைக் கேட்பதற்குச் சமயம் தடையாக இருந்ததை நான் காணவில்லை.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். யாக்கோபுக்குப் பன்னிரண்டு ஆண் மக்கள். அவர்களில் யோசேப்பின் மேல் தகப்பனுக்குத் தனிப் பாசம். அவனுக்கு மட்டும் பலவர்ண அங்கியொன்றைச் செய்து கொடுக்கிறார். அண்ணன்மார் பொறாமை கொண்டு அவனைக் குழியில் போட்டு, பிறகு 20 வெள்ளிக்காசுக்கு வியாபாரிகளிடம் விற்றுவிடுகிறார்கள். அவன் எகிப்தில் அடிமையாகி, சிறைப்பட்டு, கடைசியில் பார்வோனுக்கு அடுத்த நிலைக்கு உயர்கிறான். பஞ்ச காலத்தில் தானியம் கேட்டு வந்த அண்ணன்மாரை மன்னிக்கிறான். நாங்கள் சிறுவயதில் ஓய்வுநாள் பாடசாலையில் கேட்டபோது, கதை முடிந்ததும் கேள்வியும் பதிலும் ஆயத்தமாக இருக்கும். அண்ணன்மார் கெட்டவர்கள், யோசேப்பு நல்லவன், ஆகவே பிள்ளைகளே, பொறாமைப்படாதீர்கள். பிறகு யோசேப்பின் அங்கிக்கு நிறம் தீட்டக் கடதாசி தருவார்கள். எல்லோரும் சிவப்புப் பென்சிலுக்கு அடிபடுவோம்!

ஆனால் கதையை எழுதியுள்ளபடி மெதுவாக வாசித்துப் பாருங்கள். அது தொடங்குவது அண்ணன்மாரின் பொறாமையில் அல்ல, தகப்பனின் பாரபட்சத்தில். யோசேப்பு முதுமையில் பிறந்த பிள்ளை, அதனால் மற்றப் பிள்ளைகளைவிட அவனில் அதிக அன்பு என்று கதை ஒளிக்காமலே சொல்கிறது. அவன் யாக்கோபு மிகவும் நேசித்த ராகேலின் மூத்த பிள்ளை என்பதும் எங்களுக்குத் தெரியும். அண்ணன்மார் லேயாளினதும் இரண்டு பணிப்பெண்களினதும் பிள்ளைகள். அங்கியைக் கண்ட பிறகு அண்ணன்மாரால் அவனோடு அன்பாக ஒரு வார்த்தை பேச முடியாமற் போயிற்று என்றும் இருக்கிறது. பொறாமை ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சரியான அடையாளத்தை நான் எங்கும் படித்ததில்லை. அடிதடி பிறகுதான் வரும். முதலில் நல்ல வார்த்தை நின்றுவிடும்.

இந்த யாக்கோபு யார் என்பதையும் பார்க்க வேண்டும். இவரும் பாரபட்சமான வீட்டில் வளர்ந்தவர்தான். தகப்பன் ஈசாக்குக்கு மூத்தவன் ஏசாவில் விருப்பம், தாய் ரெபெக்காளுக்கு இளையவன் யாக்கோபில் விருப்பம். ஆட்டுக்குட்டித் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, பார்வை மங்கிய தகப்பனை ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்கியவர் யாக்கோபு. பல வருடங்களுக்குப் பிறகு அவருடைய மக்களே ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் கொண்டுவந்து காட்டி அவரை ஏமாற்றுகிறார்கள். தான் பட்டதையே தன் பிள்ளைகளுக்கும் செய்யும் பெற்றோரை நான் வேலை செய்யும் இடங்களில் அடிக்கடி காண்கிறேன். அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழகிப்போனவர்கள்.

வகுப்பில் நான் கதையை அங்கியோடு நிறுத்திவிட்டு, “இதில யார் பிழை?” என்று மட்டும் கேட்பேன். பெரியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் அண்ணன்மார் என்றுதான் பதில் வரும். பிள்ளைகள் அப்படிச் சொல்வதில்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கையைக்கூட உயர்த்தாமல், “அப்பாதான் பிழை மிஸ். எல்லாருக்கும் தைக்கக் காசு இல்லாட்டி ஒருத்தருக்கும் தைக்காம விட்டிருக்கலாம்” என்றான். ஒரு சிறுமி யோசேப்பின் பக்கம் திரும்பினாள். “அவனும் சரியில்ல. அண்ணன்மார் செய்யிறதயெல்லாம் போய் அப்பாட்ட கோள் சொல்றவன்.” அதுவும் கதையில் உள்ளதுதான். பதினேழு வயதில் அண்ணன்மாரின் குறைகளைத் தகப்பனிடம் கொண்டுபோய்ச் சொன்னான். உங்கள் கதிர்க்கட்டுகள் என் கதிர்க்கட்டை வணங்கக் கனவு கண்டேன் என்று அவர்களிடமே போய்ச் சொன்னவனும் அவன்தான். செல்லப் பிள்ளைக்கு மற்றவர்களின் முகம் தெரிவதில்லை. யாராவது அவனுக்கு அதைக் காட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்திருக்க வேண்டிய தகப்பன் அங்கி தைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் பார்த்த வீடொன்றைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக வேலை செய்கிறார். பதின்மூன்று வயது மகளும் எட்டு வயது மகனும் அம்மம்மாவிடம். தாய் அனுப்பிய பெட்டியில் மகனுக்குப் புத்தகப்பை, சப்பாத்து, சின்னக் கார். மகளுக்கு ஒரு சவர்க்காரமும் வாசனைப் பவுடரும். மூன்றாம் நாள் காலை புதுப் பையின் தோள்வார் இரண்டும் பிளேட்டால் வெட்டப்பட்டிருந்தன. அம்மம்மா பிள்ளைக்கு அடித்துவிட்டார். பாடசாலையிலும் கதை பரவிவிட்டது. “பொறாமை பிடிச்சவள்” என்ற பட்டம் அந்தப் பிள்ளைக்கு நிரந்தரமாகிப் போனது.

நான் அவளோடு கிணற்றடியில் இருந்து பேசியபோது பையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. விடிய ஐந்து மணிக்கு எழும்பித் தம்பிக்குத் தேத்தண்ணி வைப்பது, அவனுடைய சேட்டைத் தோய்த்துப் போடுவது, அவனுக்குக் காய்ச்சல் வந்த அன்று பரீட்சைக்குப் போகாமல் நின்றது, இவற்றையே சொன்னாள். தொலைபேசியில் தாய் பேசும்போது கேட்பது எப்போதும் “தம்பி சாப்பிட்டானா?” என்பதுதானாம். அவளுக்குத் தேவைப்பட்டது பை அல்ல என்பது உங்களுக்கு விளங்கும். ஆனால் பிள்ளைகள் தங்களுக்குத் தேவையானதன் பெயரைச் சொல்லத் தெரியாதபோது கண்ணுக்குத் தெரியும் பொருளின் மேல்தான் கையை வைப்பார்கள். யோசேப்பு தோத்தானுக்கு வந்து சேர்ந்ததும் அண்ணன்மார் செய்த முதல் வேலை என்ன? குழியில் தள்ளியதல்ல. அங்கியைக் கழற்றியதுதான்.

அந்தத் தாயையும் நான் குறை சொல்ல மாட்டேன். தூர இருக்கும் தாய்க்குச் சின்னவன்தான் கண்ணுக்குள் நிற்பான். பெரியவள் சமாளித்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை வேறு. அடுத்த முறை பேசும்போது முதல் ஐந்து நிமிடம் மகளுடன் அவளைப் பற்றியே பேசும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் அதைச் செய்தார். அந்தத் தோள்வார்களை அம்மம்மாவின் ஊசியால் தைத்துக் கொடுத்ததும் அந்தப் பிள்ளைதான். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் எங்களுக்குக் கற்பித்த ஓர் ஆய்வு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க இராணுவத்தினரைப் பற்றி சாமுவேல் ஸ்டௌஃபரும் அவருடன் சேர்ந்தவர்களும் செய்து 1949இல் வெளியிட்டது. விமானப் படைப் பிரிவில் பதவி உயர்வு விரைவாகக் கிடைத்தது. இராணுவப் பொலிஸ் பிரிவில் அது மிகவும் அரிது. அப்படியானால் அதிக மனக்குறை யாருக்கு இருந்திருக்க வேண்டும்? எதிர்பார்த்ததற்கு மாறாக, பதவி உயர்வு பற்றிய மனக்குறை விமானப் படைப் பிரிவினரிடமே அதிகமாக இருந்தது. பக்கத்தில் இருப்பவன் உயரும்போது தான் உயராதது அவர்களுக்கு வலித்தது. பொலிஸ் பிரிவில் பக்கத்தில் இருப்பவனும் உயரவில்லை. இதனை ஒப்பீட்டு இழப்புணர்வு என்பார்கள். இல்லாமையைவிட, பக்கத்தில் உள்ளவருக்கு இருந்து தனக்கு இல்லாமையே மனிதரை அதிகம் சுடுகிறது. படித்த படையினருக்கே அப்படியென்றால் ஒரே பாயில் படுக்கும் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்?

இதைத் தெரிந்துகொண்டும் நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வரும் வாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பாருங்கள். பாடசாலை மதிலில் சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தோடு பதாகை. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையும் அந்த மதிலைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். அதுவாவது வீதி. வீட்டுக்குள், “பெரியம்மாட மகனப் பார், அவனும் உன்ட வயசுதானே” என்று சோற்றுக் கோப்பையின் முன்னால் வைத்துச் சொல்கிறோம். பத்து வயதுப் பிள்ளை பெரியம்மாவின் மகனை வெறுக்கப் பழகுவது அப்படித்தான். பிறகு அதே வாயால் பொறாமை கூடாது என்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. பெண் பிள்ளைகள் கேட்பதெல்லாம் பொறாமை அல்ல. மீன் குழம்பில் நடுத்துண்டு ஆண் பிள்ளைக்கும் வால் துண்டு பெண் பிள்ளைக்கும் போகிறது. டியூஷனுக்குக் காசு ஒருவருக்குத்தான் போதும் என்றால் அந்த ஒருவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. சைக்கிள் அவனுக்கு, வாளி இவளுக்கு. “ஏன் எனக்கு இல்ல?” என்று அவள் கேட்டால் “பொறாமைப்படாத, விட்டுக் குடு” என்கிறோம். அது பொறாமை இல்லை சகோதரிகளே, அது கணக்குக் கேட்பது. ஒரு பிள்ளை எரிச்சல்படும்போது முதலில் பார்க்க வேண்டியது, அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்பதை. நியாயம் இருந்தால் திருத்த வேண்டியது பங்கைத்தான், பிள்ளையை அல்ல. நியாயம் இல்லாமல், தம்பி சின்னவன், அவனுக்குப் பால் தேவை என்பது போன்ற காரணம் இருந்தால் அந்தக் காரணத்தைச் சொல்லலாம். பிள்ளைகளுக்குக் காரணம் விளங்கும். “அவன் ஆம்பிளப் பிள்ளை” என்பது காரணம் ஆகாது.

இனி நன்றிக்கு வருவோம். யோசேப்பின் கதையில் நன்றி பற்றிய பகுதியைப் பலர் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். சிறையில் இருந்தபோது அரசனின் பானபாத்திரக்காரன் கண்ட கனவுக்கு யோசேப்பு விளக்கம் சொன்னான். நீ விடுதலையாகிப் பழைய வேலைக்குத் திரும்புவாய், அப்போது என்னையும் நினைத்துக்கொள் என்று கேட்டான். மூன்று நாளில் அவன் விடுதலையானான். யோசேப்பை மறந்துவிட்டான். முழுமையாக இரண்டு வருடம் போகிறது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அண்ணன்மாரைவிட இந்த மனிதன் மேல்தான் கோபம் அதிகம். முதன்முறை எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. விற்றவர்களைவிட மறந்தவன் மோசமா? யோசித்துப் பார்த்தால், இந்தப் பிள்ளைகளுக்கு மறக்கப்படுவது எப்படியென்று தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத எத்தனையோ பேரை அவர்கள் கண்டிருக்கிறார்கள், நிவாரணத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உட்பட.

ஆகவே நன்றி என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லாமற் போயிற்று. நன்றி என்றால் நினைத்திருப்பது. சொல்லைச் சொல்வது அதில் ஒரு சிறு பகுதிதான். எங்கள் வீடுகளில் சோறு போட்ட தாய்க்கு “நன்றி” என்று யார் சொல்கிறார்கள்? சொன்னால் தாய்க்கே சிரிப்பு வரும். ஆனால் வேலைக்குப் போய்க் களைத்து வந்தவளுக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளையை எங்களுக்குத் தெரியும். திருக்குறளிலும் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல், 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை. முன்னையதில் ‘அறிதல்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் சிறுவர் இல்லங்களில் நான் காணும் ஒரு காட்சி மனதை உறுத்துகிறது. யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்காக மதியச் சாப்பாடு வருகிறது. கொடுப்பவரின் மனம் நல்லதுதான். ஆனால் சோறு ஆறும்வரை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பாட்டுப் பாடவைத்து, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு “நன்றி ஐயா, நன்றி அம்மா” என்று ஒரே குரலில் சொல்ல வைக்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள், “வீட்டில இருக்கிற பிள்ளைகளும் சாப்பிட முதல் இப்பிடிப் பாடுவாங்களா மிஸ்?” அதே பிள்ளை, அன்று கிடைத்த கேக் துண்டில் பாதியைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தாள். இரவில் முழித்திருந்து சின்னப் பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப் போகும் அக்காவுக்காம். எந்த வரிசையிலும் நிற்க வைத்து அதை யாரும் பழக்கவில்லை.

நன்றியைப் பழக்க நாங்கள் கையாளும் இன்னொரு வழி, கீழே பார்க்கச் சொல்வது. “உனக்குச் சோறாவது இருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்ல.” இது நல்ல எண்ணத்தில் சொல்வது என்று தெரியும். ஆயினும் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பொறாமைப்படும் பிள்ளை ஒரு கோலை வைத்துக்கொண்டு தன்னைவிட உயர்ந்தவனை அளக்கிறது. நாங்கள் அதே கோலைத் திருப்பிக் கொடுத்துத் தாழ்ந்தவனை அள என்கிறோம். கோல் கையில் இருக்கும்வரை அது மறுபடி மேலே பார்க்கத்தான் செய்யும். அதுமட்டுமல்ல, இல்லாத பிள்ளையைக் காட்டி இருக்கிற பிள்ளையை ஆறுதல்படுத்தும்போது, இல்லாத பிள்ளையும் அதே வகுப்பில் பக்கத்து வாங்கில் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நான் செய்வது எளிமையான ஒன்று. வகுப்பு முடிய முன், “இண்டைக்கு உனக்காக யார் என்ன செய்தாங்க?” என்று கேட்பேன். எழுதக்கூடியவர்கள் கொப்பியில் எழுதுவார்கள், மற்றவர்கள் சொல்வார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் “அம்மா சோறு சமைத்தா” என்று ஒன்றுபோலச் சொன்னார்கள். இரண்டு மூன்று வாரம் போகக் கண் திறந்துகொண்டது. தலை பின்னிவிட்ட அக்கா. மழைக்குள் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்ட கொண்டக்டர். வாய்க்காலைக் கடக்கக் கை கொடுத்த, நேற்று வரைக்கும் கோபமாக இருந்த சிநேகிதன். தம்பி தனது மாங்காயில் உப்பு இருந்த பக்கத்தைத் தந்தான் என்று எழுதினாள் ஒருத்தி. அமெரிக்காவில் எம்மன்ஸ், மக்கலஃப் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்விலும், வாரந்தோறும் நன்றியோடு நினைக்கத்தக்கவற்றை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மனநிறைவோடு இருந்ததாகக் கண்டிருக்கிறார்கள். என் கொப்பிகளை வைத்து நான் ஆய்வு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் தம்பியின் மாங்காயைப் பற்றி எழுதியவள் அந்த வாரம் தம்பிக்குக் குறைவாகவே கிள்ளினாள் என்பது அவளுடைய தாயின் வாக்குமூலம்.

இக்கதையை உங்கள் வீட்டில் சொல்ல விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். ஒரே இரவில் சொல்லி முடிக்க வேண்டாம். அங்கி வரைக்கும் ஒரு நாள், குழி ஒரு நாள், சிறை ஒரு நாள், பஞ்சம் ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். குழியோடு நிறுத்தினால் பிள்ளைகள் இரவில் பயப்படுவார்கள். அவனை வெளியே எடுத்துவிட்டு நிறுத்துங்கள். போத்திபாரின் மனைவி வரும் பகுதியைச் சின்னப் பிள்ளைகளுக்கு “பொய்க் குற்றம் சுமத்தினார்கள்” என்று சுருக்கிச் சொன்னாற் போதும். முஸ்லிம் சகோதரிகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. குர்ஆனின் 12ஆவது சூரா, 111 வசனங்களுடன், யூசுஃப் நபியின் பெயரிலேயே அமைந்திருக்கிறது. அங்கே தகப்பன், கனவைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று மகனுக்கு முன்கூட்டியே எச்சரிக்கிறார். ஏறாவூரில் ஒரு தாய் இதை எனக்கு எடுத்துச் சொல்லி, “எங்கட கதையில வாப்பா கொஞ்சம் கவனம் மிஸ்” என்று சிரித்தார்.

மன்னிப்பு பற்றிய பகுதியில் மட்டும் அவசரம் வேண்டாம். யோசேப்பு அண்ணன்மாரைக் கண்டவுடன் கட்டிப்பிடிக்கவில்லை. தன்னை மறைத்துக்கொண்டு, கடுமையாகப் பேசி, அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தான். தனியறைக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் கடவுள் நன்மையாக்கினார் என்று அவன் சொல்வது கடைசியில்தான், அதையும் அவனேதான் சொல்கிறான். பெரியவர்களால் துன்புறுத்தப்பட்ட பிள்ளையிடம் இந்தக் கதையைக் காட்டி “நீயும் மன்னித்துவிடு” என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. அப்படியான பிள்ளைக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைத்து அறிவிக்கலாம்.

கடைசி நாளுக்கு நான் வைத்திருப்பது பென்யமீனின் பகுதி. யோசேப்பின் சொந்தத் தம்பி அவன், ராகேலின் இளைய பிள்ளை. யோசேப்பு போன பிறகு தகப்பனின் செல்லம் முழுவதும் அவனுக்குத்தான். எகிப்தில் விருந்து நடக்கும்போது யோசேப்பு வேண்டுமென்றே அவனுக்கு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு பரிமாறச் செய்கிறான். அண்ணன்மாரின் முகத்தைப் பார்க்கத்தான் என்று நான் நினைக்கிறேன். பிறகு வெள்ளிப் பாத்திரத்தை அவனுடைய சாக்கில் ஒளித்து வைத்து, அவனை அடிமையாகப் பிடித்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். செல்லப் பிள்ளையைத் தொலைத்துவிட மறுபடியும் ஒரு வாய்ப்பு. இந்த முறை யூதா முன்னால் வருகிறான். அன்று யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா. எங்கள் தகப்பனின் உயிர் இந்தப் பிள்ளையோடு ஒட்டியிருக்கிறது, இவனை விட்டுவிடு, இவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள் என்கிறான். தகப்பன் இன்னும் மாறவில்லை, கவனியுங்கள். பாரபட்சம் அப்படியே இருக்கிறது. மாறியவன் யூதா. யோசேப்பு அதைக் கேட்டுத்தான் அடக்க முடியாமல் சத்தமிட்டு அழுகிறான்.

தன்னை வெளிப்படுத்திய பிறகு, தகப்பனைக் கூட்டிவர அவர்களை ஊருக்கு அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் உடுப்புக் கொடுக்கிறான். பென்யமீனுக்கு மட்டும் ஐந்து உடுப்பும் 300 வெள்ளிக்காசும். போன வருடம் இந்த இடத்தைச் சொன்னதும் வகுப்பே கத்தியது. “திரும்பவும் அதே வேலையா? அவனுக்கு ஒண்டுமே விளங்கேல்லயா?”

பின்வரிசையில் இருந்த ஒருத்தி சொன்னாள், “இந்த முறை சண்டை வராது. இந்த முறை எல்லாருக்கும் ஒண்டாவது கிடைச்சிருக்கு.”

“வரும்,” என்றான் அந்த ஒன்பது வயதுப் பையன். “அதுதானே வழியில சண்டை பிடிக்க வேணாம் எண்டு சொல்லி அனுப்பினவர்.”